முடிவு தெரிஞ்சப்புறம் பாக்கணும் ஸ்டார் ட்ரெக்க

எல்லாருக்கும் வணக்கம். ஸ்டார் ட்ரெக்ங்கற விண்வெளிக் கப்பல் கதைங்கள்ல மொதல்ல வந்த டிவி தொடர் பத்தி மட்டும்தான் இன்னிக்கு பேசப்போறேன், 1966 செப்டம்பர்ல அமெரிக்காவுல என்பிசி சேனல்ல ஆரம்பிச்சு 1969 ஜூன்ல முடிஞ்ச அந்த 79 எபிசோட். முடிவுதான் தெரிஞ்சுபோச்சே, திரும்ப எதுக்கு பாக்கணும்னு கேக்கறாங்க. முடிவு தெரிஞ்சிருக்கறதாலதாங்க பாக்கணும்.

'தி டெவில் இன் தி டார்க்'னு ஒரு எபிசோட், 1967 மார்ச்ல வந்தது, ஜீன் கூன் எழுதினது. ஒரு கிரகத்துல சுரங்கம் தோண்டுறவங்கள ஏதோ ஒண்ணு இருட்டுல வந்து எரிச்சுக் கொல்லுது, விண்வெளிக் கப்பலோட கேப்டன் கிர்க்கும், அவரோட அதிகாரியான பாதி வேற்றுகிரகத்து ஆளு ஸ்பாக்கும் உதவிக்குப் போறாங்க. மொதல் தடவை பாக்கறப்போ நாம சுரங்கக்காரங்க பக்கம்தான் நிப்போம், செத்தவன் நம்ம ஆளு, வர்றது பிசாசு, அவ்ளோதான் கணக்கு. ஆனா அந்த சுரங்கத் தலைவரோட மேஜை மேல உருண்டையா ஒண்ணு இருக்கும், ஸ்பாக் அத எடுத்துப் பாத்து என்னன்னு கேப்பாரு, கீழ இந்த மாதிரி ஆயிரக்கணக்குல கிடக்குன்னு அவரு சர்வசாதாரணமா சொல்லிட்டு அடுத்த பேச்சுக்குப் போயிடுவாரு. அது முட்டைங்க! 50,000 வருஷத்துக்கு ஒரு தடவை ஹோர்டாங்கற அந்தப் பிசாசோட இனமே அழிஞ்சுபோய், முட்டைங்கள காக்க ஒரே ஒரு தாய் மட்டும் மிஞ்சியிருக்கும், அந்தத் தாயோட பிள்ளைங்களத்தான் இவங்க ஒண்ணும் தெரியாம ஒடச்சுட்டு இருந்திருக்காங்க. இது தெரிஞ்சப்புறம் அந்த மேஜை சீன திரும்பப் பாருங்க, வயித்த பிசையும்.

இன்னொண்ணும் இருக்கு. அந்த ஜீவன கொல்லாம பிடிக்கலாமேன்னு மொதல்ல சொல்றது ஸ்பாக், கிர்க்தான் கொல்லணும்னு நிப்பாரு, ஆனா கடைசியில கிர்க் தனியா அது முன்னாடி மாட்டிக்கிட்டு சுடாம நிக்கறப்போ கொன்னுடுங்க கேப்டன்னு கத்தறது அதே ஸ்பாக். அறிவு பேசின ஆளு நண்பனுக்கு ஆபத்துன்ன உடனே மாறிட்டாரு, அத யாரும் வசனத்துல விளக்கல. ஹோர்டா வேஷத்த பாத்தா இன்னிக்கு கம்பளத்த போத்திக்கிட்டு வர்ற மாதிரிதான் இருக்கும், யானோஸ் ப்ரோஹாஸ்கான்னு ஒரு ஸ்டன்ட் கலைஞர் அதுக்குள்ள தவழ்ந்து வந்தாரு, ஆனா ஸ்பாக்கா நடிச்ச லெனார்ட் நிமாய் அது மேல கைய வெச்சு அதோட மனச உணர்ந்து அதோட வலிய தன் வாயால கதறும்போது வேஷம் கண்ணுக்கே தெரியாது எனக்கு.

காசு இல்லாத தொடருங்க அது. கப்பல ஒவ்வொரு கிரகத்துலயும் தரையிறக்கிக் காட்ட செலவாகும்னுதான் ஆள மறைய வெச்சு இன்னொரு எடத்துல தோண வைக்கற டிரான்ஸ்போர்ட்டரே வந்துச்சு, டாக்டர் மெக்காயோட மருத்துவக் கருவிங்கள்ல சிலது உப்பு தூவுற குடுவைங்கதான். பிரம்மாண்டம் காட்ட முடியாததால முகத்தையும் பேச்சையும் நம்பி எடுத்தாங்க, 2006க்கு அப்புறம் கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் சேத்து புதுசா விட்ட பதிப்ப விட எனக்கு பழசுதான் பிடிக்கும்.

எல்லா எபிசோடும் ஒசத்தின்னு சொல்லமாட்டேன். மூணாவது சீசன்ல பட்ஜெட்ட குறைச்சு வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு தள்ளிட்டாங்க, கதைங்களும் நெறைய தொவண்டுபோச்சு. கடைசி எபிசோட்ல பொம்பளைங்க கப்பல் கேப்டன் ஆக முடியாதுங்கற மாதிரி ஒரு வசனம் வரும், உஹுராங்கற பெண் அதிகாரிய கப்பலோட கட்டுப்பாட்டு அறையில உக்கார வெச்ச தொடர்ல அது வந்தது எனக்கு இன்னும் வலிக்குது.

இப்ப ஸ்க்ரீன்ல போடப்போறது 1966 டிசம்பர்ல வந்த 'பேலன்ஸ் ஆஃப் டெரர்'. ரோமுலன்ங்கற எதிரி இனத்தோட முகம் ஸ்பாக் ஜாடையில இருக்கவும் ஸ்டைல்ஸ்ங்கற அதிகாரி ஸ்பாக்கையே உளவாளின்னு சந்தேகப்படுவான். எதிரிக் கப்பல் தளபதியா வர்ற மார்க் லெனார்ட்ட நல்லா பாத்து வெச்சுக்கோங்க, அடுத்த வருஷமே ஸ்பாக்கோட அப்பாவா வந்தவரு அவருதான். அந்த தளபதிக்கும் போர் வேணாம், களைச்சுப்போன மனுஷன், கிர்க்குக்கு சமமான ஆளு, அது அவரு பேச்சுலயே தெரியும். ஏற்கனவே பாத்தவங்க இந்த தடவை அவரு பக்கத்துல நின்னு பாருங்க, ஒவ்வொரு உத்தரவுக்கும் முன்னாடி அவரு எவ்ளோ தயங்கறாருன்னு கவனிங்க. லைட்ட அணைச்சிடலாம்.