எண்ணிக்கை சரியாகும் வரை

நேயர்களுக்கு வணக்கம்.

இந்த உரையை நீங்கள் எஃப்.எம்.மில் கேட்கிறீர்கள் என்றால், உங்கள் ரேடியோ 88க்கும் 108க்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. 108 மெகாஹெர்ட்ஸோடு அந்த எஃப்.எம். வரிசை முடிந்துவிடும். என் வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது. 108 முதல் 118 வரை, பறக்கும் விமானத்துக்கு வழியையும், இறங்க வரும் விமானத்துக்கு ஓடுபாதை எந்தப் பக்கம் என்பதையும் காட்டும் சிக்னல்கள். அதற்கு மேல் 137 வரை விமானியும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் பேசிக்கொள்ளும் இடம். அந்தப் பேச்சு இன்றைக்கும் பழைய ஏ.எம். முறையில்தான் நடக்கிறது. எஃப்.எம்.மில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால், வலுவான சிக்னல் மற்றதை அப்படியே விழுங்கிவிடும். ஏ.எம்.மில் தூரத்துக் குரலும் கரகரவென்று அடியில் கேட்கும். ஆபத்தில் மாட்டிக்கொண்டவர் எங்கோ தொலைவிலிருந்துதானே கூப்பிடுவார், அவர் குரல் அமுங்கிப் போகக் கூடாது.

நான் பெங்களூரில் விமான எலெக்ட்ரானிக்ஸ் மெக்கானிக். எங்கள் தொழிலில் ஏவியானிக்ஸ் டெக்னீஷியன் என்பார்கள். ரேடியோ, உயரமானி, வேகமானி, தரையிலுள்ள ரேடாருக்கு விமானத்தின் விவரத்தை அனுப்பும் டிரான்ஸ்பாண்டர், இவற்றை இணைக்கும் ஒயர்கள், கனெக்டர்கள், இவைதான் என் பொறுப்பு. பெரும்பாலும் நைட் ஷிஃப்ட். கடைசி விமானம் வந்து நின்ற பிறகு எங்கள் பொழுது விடியும். காலையில் முதல் விமானம் கிளம்பும்போது எங்களுக்கு ராத்திரி.

வருஷத்தில் இரண்டு மாதம் நான் சிப்பாய். டெரிடோரியல் ஆர்மி, பத்திரிகைகளில் பிராந்திய ராணுவம் என்று எழுதுகிறார்கள். இதைச் சொன்னதும் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "தோனி சேர்ந்தாரே, அதுவா?" அதேதான். 2011இல் அவருக்குக் கௌரவ லெப்டினன்ட் கர்னல் பதவி கொடுத்தார்கள். 2019இல் அவர் காஷ்மீரில் இரண்டு வாரம் பணி செய்தது 106 பாராசூட் பட்டாலியனோடு. அது நம் பெங்களூர்ப் பட்டாலியன். ஆனால் தோனிக்கு அறுபது வருஷம் முன்பே ஒரு தமிழர் இதோடு சம்பந்தப்பட்டிருக்கிறார். 1948இல் சட்டம் வந்து, 1949 அக்டோபர் 9ஆம் தேதி இந்தப் படையைத் தொடங்கி வைத்தவர் அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி. அக்டோபர் 9 இன்றும் எங்களுக்குப் படை நாள்.

இது வேலை தேடுபவர்களுக்கான இடம் இல்லை, முதலில் அதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஏற்கெனவே ஒரு வேலையோ தொழிலோ உள்ளவர்தான் சேர முடியும். 18 வயது முதல் 42 வரை. நகரப் பிரிவு என்றால் முகாமும் வார இறுதிகளும் சேர்த்து வருஷத்துக்கு 30 நாள் பயிற்சி. மாகாணப் பிரிவு என்றால் சேர்ந்தாற்போல் இரண்டு மாதம். நான் இரண்டாவது வகை. பயிற்சி நாட்களுக்கும் பணிக்கு அழைக்கப்பட்ட நாட்களுக்கும் ராணுவச் சம்பளம் உண்டு. மற்ற நாட்களில் நான் சிவிலியன்.

நான் வளர்ந்தது அல்சூரில். பக்கத்திலேயே மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியியல் படையின் மையம். விடியற்காலையில் பியூகிள் சத்தம் காற்றுவாக்கில் வரும். அதற்குப் பிறகுதான் எங்கள் தெருவில் பால்காரர் மணி. சாப்பர்ஸ் வீரர்களுக்கு ராணுவம் முழுக்க 'தம்பி' என்றே பெயர். பஞ்சாபிகளும் கூர்க்காக்களும்கூட அவர்களைத் 'தம்பி' என்று நம் மொழியில்தான் கூப்பிடுவார்கள். சின்ன வயதில் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஆசை. அப்பா போன பிறகு வீட்டுக்குச் சம்பளம் வேண்டியிருந்தது, டிப்ளமோ முடித்து, விமானங்களை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஹேங்கருக்குள் போனேன். அந்த ஆசை மட்டும் போகவில்லை. இருபத்தேழு வயதில் ஆள்சேர்ப்பு முகாமில் ஓடினேன், எடுத்துக்கொண்டார்கள்.

அங்கே கற்றுக்கொண்ட ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இன்றைக்கு வந்தேன்.

துப்பாக்கி சுடும் பயிற்சி முடிந்ததும் காலித் தோட்டாக்களைப் பொறுக்கி ஒப்படைக்க வேண்டும். ராணுவத்தில் அதற்கு 'கோக்கா' என்று பெயர். கொடுத்த ரவுண்டு இத்தனை, சுடாமல் மிஞ்சியது இத்தனை, கோக்கா இத்தனை. கணக்கு நேராக வேண்டும். எங்கள் இரண்டாவது முகாமில் ஒரு நாள் ஒரே ஒரு கோக்கா குறைந்தது. சுண்டு விரல் நீளப் பித்தளைக் குழாய், வெறும் காலி. மத்தியானம் பன்னிரண்டு மணி வெயில். எங்கள் படைப்பிரிவு முழுவதும் ஒரு வரிசையாக மண்டியிட்டு, உள்ளங்கையால் புல்லைத் தடவியபடி ரேஞ்ச் முழுக்க நகர்ந்தோம். லங்கரில், அதாவது முகாம் சமையலறையில், சோறு ஆறிக்கொண்டிருந்தது. ஒன்றேகால் மணி நேரம் கழித்து, மணல் மூட்டையின் தையல் மடிப்பில் கிடைத்தது.

கிடைத்த பிறகு உஸ்தாத், அதாவது எங்கள் பயிற்சி ஹவில்தார், யார் தொலைத்தது என்று கேட்கவே இல்லை. "குறையுதுன்னு முதல்ல சொன்னது யாரு?" என்று இந்தியில் கேட்டார். என் பக்கத்தில் இருந்த பையன் பயந்துகொண்டே கை தூக்கினான். உஸ்தாத் அவனைத்தான் முதல் ஆளாகச் சாப்பிட அனுப்பினார்.

இப்போது ஹேங்கருக்கு வருகிறேன். 1996 அக்டோபர் 2ஆம் தேதி, பெரு நாட்டின் லிமா நகரத்திலிருந்து ஒரு போயிங் 757 நள்ளிரவுக்குப் பிறகு கிளம்பியது. விமானத்தின் வெளிப்பக்கத்தில் காற்றழுத்தத்தை வாங்கிக்கொள்ளச் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். ஸ்டாட்டிக் போர்ட் என்போம். உயரமானியும் வேகமானியும் அந்தத் துளை சொல்வதைத்தான் நம்பும். விமானத்தைக் கழுவும்போது தண்ணீர் போகாமல் இருக்க அதை மூடுவார்கள், கழுவியதும் எடுத்துவிட வேண்டும். அன்று டேப் ஒட்டி மூடினார்கள், எடுக்க மறந்தார்கள். வெள்ளி நிற உடம்பில் வெள்ளி நிற டேப். அடுத்துப் பார்த்தவர் கண்ணிலும் படவில்லை, விமானி கண்ணிலும் படவில்லை.

கீழே இருட்டுக் கடல். உயரம் தெரியவில்லை, வேகம் தெரியவில்லை. விமானிகள் கோபுரத்தைக் கேட்டார்கள், நாங்கள் எந்த உயரத்தில் இருக்கிறோம் என்று. கோபுரம் ரேடார் திரையைப் பார்த்து ஒரு எண்ணைச் சொன்னது. அந்த எண் எங்கிருந்து வந்தது? அதே விமானத்தின் டிரான்ஸ்பாண்டர் அனுப்பியது. டிரான்ஸ்பாண்டருக்கு உயரம் சொன்னது அதே மூடிய துளை. தங்கள் பொய்யையே அவர்கள் வேறொருவர் வாயால் கேட்டு நம்பினார்கள். 70 பேர், ஒருவரும் பிழைக்கவில்லை.

இந்தக் கதையை என் ஜூனியர்கள் ஒவ்வொருவருக்கும் சொல்லியிருக்கிறேன். பிறகு ஸ்டாட்டிக் போர்ட் அருகே கூட்டிக்கொண்டு போய்த் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். மூடி போட்டிருந்தால், அதில் தொங்கும் சிவப்பு நாடாவை எண்ணச் சொல்வேன். போட்டது எத்தனை, எடுத்தது எத்தனை.

நான்கு வருஷம் முன்னால் எனக்கே ஒரு ராத்திரி வந்தது. முகாம் முடிந்து இரண்டு ராத்திரி ரயிலில் உட்கார்ந்தபடியே வந்து, காலையில் பெங்களூரில் இறங்கினேன். அன்றிரவே ஷிஃப்ட் போட்டிருந்தார்கள். எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை; இப்போது நான் அங்கே இல்லை. விமானி எழுதிய ஸ்னாக், அதாவது கோளாறுக் குறிப்பு: இரண்டாவது ரேடியோவில் விட்டுவிட்டுக் கரகரப்பு. பெட்டியை மாற்றினோம், சத்தம் போகவில்லை. மூக்குச் சக்கரத்துக்குப் பின்னால் விமானத்தின் வயிற்றில் ஒரு சின்னக் கதவு உண்டு. அதில் ஏறினால் எலெக்ட்ரானிக்ஸ் பெட்டிகள் அடுக்கிய அறை. குனிந்துதான் நிற்க முடியும். ஒவ்வொரு கனெக்டராகக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றில் ஒரே ஒரு பின் மட்டும் மற்றவற்றைவிட ஒரு நூல் உள்ளே போயிருந்தது. சரியாகப் பூட்டாமல் விட்ட பின். விமானம் அதிரும்போது தொடும், விடும். எடுத்து, ஒயரில் புதிய பின்னை அழுத்திப் பொருத்தி, அதாவது கிரிம்ப் செய்து, சொருகி, இழுத்துப் பார்த்தேன். ரேடியோ சுத்தமாகப் பேசியது. மணி மூன்றரை.

கீழே இறங்கி டூல்களை எண்ணினேன். எங்கள் டூல் பெட்டியில் ஒவ்வொரு டூலுக்கும் அதன் உருவத்திலேயே ஒரு குழி வெட்டியிருக்கும். டூல் இல்லை என்றால் குழி காலியாகத் தெரியும். ஒரு குழி காலி. ஸ்க்ரூடிரைவர் பிட், ஒரு அங்குலம்கூட இல்லாத எஃகுத் துண்டு.

சட்டைப் பையில் பார்த்தேன், இல்லை. தரையில் இல்லை. மேலேதான் இருக்க வேண்டும். அங்கே ஓடுவது 115 வோல்ட், 400 சைக்கிள் கரண்ட். நம் வீட்டுக் கரண்ட் 50 சைக்கிள். சைக்கிள் கூடினால் டிரான்ஸ்ஃபார்மர் சின்னதாக, எடை குறைவாக இருக்கும் என்பதற்காக விமானத்தில் 400. அந்த டெர்மினல்களுக்கு நடுவில் ஒரு எஃகுத் துண்டு உருண்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ஐந்து ஐம்பதுக்கு முதல் விமானம். இந்த மாதிரி பிட் டூல் ஸ்டோரில் டஜன் கணக்கில் கிடக்கிறது. ஒன்றை எடுத்துக் குழியில் வைத்தால் யாருக்கும் தெரியாது. அந்த எண்ணம் எனக்கு வரவில்லை என்று சொல்ல மாட்டேன், வந்தது. உடனே கண் முன்னால் வந்து நின்றது அந்தக் கை தூக்கிய பையன்.

ஷிஃப்ட் இன்சார்ஜிடம் போனேன். "சார், ஒரு பிட் குறையுது. மேலதான் எங்கேயோ இருக்கு."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "நிச்சயமா எடுத்துட்டுப் போனியா?"

"போனேன் சார்."

"சரி, லாக் புக்ல எழுது. கிடைக்கிற வரைக்கும் இது பறக்காது."

நான்கு பேர் தேடினோம். வளைகிற காந்தக் கம்பி, கைப்பிடி வைத்த கண்ணாடி, டார்ச். அடுக்குக்குக் கீழே இருந்த பஞ்சு மெத்தையின் மடிப்பில் காந்தம் 'டக்' என்று ஒட்டியது. மணி ஆறே கால். விமானம் ஒரு மணி நேரம் தாமதம்.

காலையில் மேலாளர் சொன்னது இதுதான்: "ஆர்மி கேம்ப்புக்கெல்லாம் போயிட்டு வர்ற ஆளை வெச்சிக்கிட்டா இப்படித்தான்." அந்த வருஷம் எனக்கு வர வேண்டிய ஊதிய உயர்வும் வரவில்லை. இன்சார்ஜ் எனக்காகப் பேசிப் பார்த்தார், நடக்கவில்லை. எனக்கு இன்னமும் அதில் வருத்தம் உண்டு. பணத்துக்காக மட்டும் இல்லை. கூட இருந்த இளம் பையன்கள் அன்று என்ன கற்றுக்கொண்டிருப்பார்கள்? குறைகிறது என்று வாய் திறந்தவனுக்குத் தண்டனை என்றுதானே!

பிட் விழுந்ததற்குக் காரணம் முகாம் இல்லை, தூக்கம். இரண்டு ராத்திரி தூங்காத கை அது. ஷிஃப்ட் போட்டவர் மேல் பாதித் தவறு, "இன்று என்னால் முடியாது" என்று சொல்லாத என் மேல் பாதி. இப்போது நான் வேலை செய்யும் இடத்தில் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். முகாமிலிருந்து வந்தால் முதல் இரண்டு நாள் பகல் ஷிஃப்ட், அதுவும் விமானத்தில் ஏறாமல் மேஜையில் செய்யும் பெஞ்ச் வேலை மட்டும். அந்த வாரம் நான் தொட்டது எதுவானாலும் இன்னொருவர் மறுபடி பார்த்துக் கையெழுத்துப் போடுவார். அதில் எனக்குக் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. இரண்டு மாதம் துப்பாக்கி பிடித்த கை, கிரிம்ப் செய்யும் பதத்துக்குத் திரும்ப நாலு நாள் எடுக்கத்தான் செய்யும்.

வேலை கொடுத்திருப்பவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், உங்களிடம் ஒரு வேண்டுகோள். 1948ஆம் வருஷச் சட்டமே சொல்கிறது: ராணுவப் பணிக்குப் போக வேண்டியவருக்கு விடுப்புக் கொடுக்க வேண்டும், திரும்பி வரும்போது முன்பைவிடக் குறையாத நிலையில் அதே வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இது சலுகை இல்லை. சட்டம் சொல்லாத ஒன்றையும் சேர்த்துச் செய்யுங்கள்: வந்தவரை ஒரு ராத்திரி தூங்க விடுங்கள்.

2025 மே மாதம், தேவைப்பட்டால் பிராந்திய ராணுவத்தின் எல்லா வீரர்களையும் பணிக்கு அழைக்கலாம் என்று தரைப்படைத் தளபதிக்கு அதிகாரம் கொடுத்து அரசு ஆணை வெளியிட்டது. 32 காலாட்படைப் பட்டாலியன்களில் 14ஐ அழைக்கலாம் என்றும் சொன்னார்கள். டிவியில் அந்தச் செய்தி ஓடும்போது அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"உன்னையும் கூப்பிடுவாங்களாடா?"

"கூப்பிட்டா போகணும்மா."

அம்மா கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், "போன தடவை ஸ்வெட்டரை விட்டுட்டுப் போனே, அதை முதல்ல எடுத்து வை" என்றார். அந்த முறை எனக்கு அழைப்பு வரவில்லை. ஸ்வெட்டர் பையிலேயேதான் இருக்கிறது.

என் வருடாந்திர முகாம் இந்த வாரம் ஆரம்பிக்கிறது. நேற்று ராத்திரி என் டூல் பெட்டியைக் கூட வேலை செய்யும் தம்பியிடம் ஒப்படைத்தேன். அவன் எண்ண, நான் பட்டியலைப் பார்த்தேன். பிறகு நான் எண்ண, அவன் பார்த்தான். 74 உருப்படி. இருவரும் கையெழுத்துப் போட்டோம். பாதி வேலையில் நிற்கும் ஒரு விமானத்தில் எந்தக் கனெக்டர் கழன்றிருக்கிறது, எந்தச் சர்க்யூட் பிரேக்கரில் என் பெயர் எழுதிய சிவப்பு அட்டை தொங்குகிறது என்று எழுதிக் கொடுத்தேன். அவன் ஒரு தடவை உரக்கப் படித்துக் காட்டினான். இன்றிரவு எனக்கு ரயில். வணக்கம்.