ஒயரை எரிக்க வேண்டாம்

நேயர்களுக்கு வணக்கம்.

"பழைய இரும்பு, பித்தளை, ஈயம், பேப்பர்" என்று கூவிக்கொண்டு வரும் வண்டியில் இப்போது செத்துப்போன கைபேசியும் சார்ஜரும் டிவி போர்டும் சேர்ந்தே ஏறுகின்றன. வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் காயலான் கடை வைத்திருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இதுல தங்கம் எவ்வளவு இருக்கும்?" என்பதுதான். ஒரு கைபேசியில் சுமார் 0.03 கிராம். ஒரு கிராம் சேர முப்பதுக்கும் மேற்பட்ட கைபேசிகள் வேண்டும். ஆனால் ஒரு கிலோ கம்ப்யூட்டர் போர்டில் செம்பு மட்டும் சுமார் 200 கிராம் இருக்கிறது. சின்னக் கடைக்குக் கைக்கெட்டும் காசு செம்பில்தான் இருக்கிறது. அதற்காகத்தான் ஒயரைத் தீயில் போடுகிறார்கள்.

ஒயரைக் கொளுத்தினால் என்ன ஆகிறது? மேலுறை பிவிசி, அதில் குளோரின் உண்டு. புகையோடு ஹைட்ரஜன் குளோரைடு வரும். பக்கத்திலிருக்கும் செம்பே ஊக்கியாக நின்று டயாக்சின் என்ற நஞ்சு உருவாக உதவும். செம்புக்கும் நட்டம்தான். மெல்லிய இழைகள் கறுத்து, ஆக்சைடாகி, சாம்பலோடு உதிரும். எடையும் குறையும், எரிந்த செம்பு என்று விலையும் குறையும். மறுபடியும் சொல்கிறேன், எடையும் போகும், விலையும் போகும்.

தடித்த ஒயருக்கு உரிக்கும் இயந்திரம் போதும். முதலில் தடிமன் வாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பிளேடு ஆழம் அதிகமானால் செம்பு இழையும் வெட்டுப்படும். குறைந்தால் உறை பிளக்காது. சார்ஜர் ஒயர் மாதிரி மெல்லியதை உரிக்க முடியாது. பொடியாக நறுக்கி, சாய்ந்து ஆடும் மேஜையில் காற்று ஊதிப் பிரிக்க வேண்டும். முறத்தில் அரிசி புடைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்: உமி பறக்கும், மணி தங்கும். இங்கே உமி பிளாஸ்டிக், மணி செம்பு.

போர்டுக்கு வருவோம். கொல்லையில் ஆசிட் வைத்துத் தங்கம் எடுப்பது நட்டக் கணக்கு. பற்றவைப்பில் உள்ள வெள்ளீயம் நைட்ரிக் அமிலத்தில் வெள்ளைக் கூழாகி வடிகட்டியை அடைத்துவிடும். தங்கம் அந்தக் கூழில் சிக்கும். கரையாத செம்பு மிச்சமிருந்தால், கரைந்த தங்கம் திரும்ப அதன்மேலேயே படியும். அமிலத்திலிருந்து எழும் செம்பழுப்புப் புகையை மூச்சில் இழுத்தவர் அப்போது நன்றாகத்தான் இருப்பார். சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். கழிவை ஊற்றினால் ஓட்டேரி நல்லா ஓடை, பக்கிங்காம் கால்வாய் என்று போகும்.

பெரிய உலைகளில் செம்பே தங்கத்தைப் பிடித்துத் தருகிறது. போர்டை உருக்கினால் தங்கம், வெள்ளி, பல்லேடியம் எல்லாம் உருகிய செம்பில் கரைந்துவிடும், பாலில் சர்க்கரை போல. அந்தச் செம்பைத் தகடாக வார்த்து மின்பகுப்புத் தொட்டியில் தொங்கவிட்டால், சுத்தச் செம்பு எதிர்த் தகட்டில் படியும். தங்கமும் வெள்ளியும் அடியில் சேறாக இறங்கும். பெல்ஜியத்தில் ஹோபோகனில் இருக்கும் ஆலை இப்படிச் செம்பில் தங்கத்தைப் பிடிப்பதில் தொடங்கி 17 உலோகங்களைப் பிரிக்கிறது. எனவே போர்டை உடைக்காமல், ஆசிட் படாமல் முழுசாக விற்பவருக்குத்தான் லாபம்.

நேரம் முடிகிறது. பேட்டரியைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், இரண்டே வார்த்தை: உப்பிய லித்தியம் பேட்டரியைக் குத்தாதீர்கள், நசுக்காதீர்கள். முனைகளில் டேப் ஒட்டி, உலர்ந்த மணல் போட்ட டப்பாவில் தனியே வையுங்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். வணக்கம்.