தாலி கட்டியாச்சு, பதிவு பண்ணியாச்சா?

(பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒரு கோயில் மண்டபத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அம்மாமாரே, ஐயாமாரே, பின்வரிசையில் நிற்கும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

தென்னாப்பிரிக்காவில், குவாசூலு-நேட்டால் மாகாணத்தின் தலைநகரில் இருக்கிறோம். உயர்நீதிமன்றத்தின் தலைமை இடம் இங்கேதான், மாகாணம் முழுவதற்கும் பத்திரப்பதிவு அலுவலகம் இங்கேதான், இறந்தவர் சொத்தைக் கவனிக்கிற மாஸ்டர் அலுவலகமும் இங்கே ஒன்று இருக்கிறது. எல்லாம் பக்கத்தில் இருந்தும், நம்மில் பலர் அந்தப் படிகளை மிதிப்பது வீட்டில் ஒரு சாவு விழுந்த பிறகுதான். அழுத கண்ணோடு போய் நிற்கிற பெண்ணிடம் அங்கே கேட்கிற முதல் கேள்விகளில் ஒன்று, கல்யாணச் சான்றிதழ் எங்கே என்பது.

இந்தக் கேள்வி நமக்குப் புதிதில்லை. 1913 மார்ச்சில் கேப் டவுனில் நீதிபதி சேர்ல் ஒரு தீர்ப்பு சொன்னார். வழக்கு ஒரு முஸ்லிம் தம்பதியுடையது, ஆனால் அடி விழுந்தது நம் எல்லோர் மேலும்தான், ஏனென்றால் பலதார மணத்தை அனுமதிக்கும் மதங்களின் முறைப்படி நடந்த கல்யாணம் சட்டப்படி கல்யாணமே இல்லை என்றாகிவிட்டது. நம் பெண்கள் பொறுக்கவில்லை. டிரான்ஸ்வால் மாகாணத்திலிருந்து புறப்பட்ட தமிழ்ப் பெண்கள் நேட்டாலின் நியூகாசில் ஊர்ச் சுரங்கத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார்கள், பிடிபட்டார்கள், இதே ஊர்ச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். கஸ்தூரிபாவும் இங்கேதான் இருந்தார். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த தில்லையாடி வள்ளியம்மை இந்தச் சிறையிலிருந்து காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தபோது அவளுக்கு வயது 16. அந்த ஆண்டே இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது, ஒப்பந்தக் காலம் முடிந்த இந்தியர்மேல் போட்டிருந்த மூன்று பவுண்டு தலைவரியும் ஒழிந்தது, நம் கல்யாணங்களைப் பதிவு செய்யவும் வழி பிறந்தது.

அப்படிக் கிடைத்த வழியை நாம் பயன்படுத்தாமல் விடுகிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

1961ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி, அரசு அனுமதி பெற்ற இந்து குருக்களே திருமண அதிகாரியாக இருக்கலாம். அனுமதி இல்லாதவர் நடத்தி வைத்தால் அக்கினி சாட்சி உண்டு, அரசாங்க சாட்சி கிடையாது. அதனால் முகூர்த்தத்துக்கு நாள் குறிக்கும்போதே, "ஐயா, உங்களுக்கு அனுமதி இருக்கிறதா?" என்று மரியாதையோடு கேட்டுவிடுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். இல்லையென்றால் ஹோம் அஃபேர்ஸ் என்கிற உள்துறை அலுவலகத்தில் தனியாகப் பதிவுத் திருமணம் செய்துகொள்ள வேண்டும். சொத்தை அவரவர் பெயரில் தனித்தனியாக வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் அந்த ஒப்பந்தத்தைக் கல்யாணத்துக்கு முன்பே நோட்டரி முன்னால் எழுதி, மூன்று மாதத்துக்குள் பத்திரப்பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். எழுதாவிட்டால் இருவர் சொத்தும் கணவன் மனைவி இருவருக்கும் பொதுதான்.

சிலர் என்னிடம் சொல்கிறார்கள், டர்பன் உயர்நீதிமன்றமே ஒரு வழக்கில் இந்து முறைப்படி மட்டும் கல்யாணமான மனைவிக்குப் பங்கு உண்டு என்று சொல்லிவிட்டதே, அப்புறம் என்ன பயம் என்று. உண்மைதான், நல்ல தீர்ப்பு. ஆனால் கணவர் உயில் எழுதாமல் இறந்தால் அவர் சொத்தில் மனைவிக்கு என்ன உரிமை என்பதுதான் அந்த வழக்கு. தவிர, கல்யாணம் நடந்ததை அந்த மனைவியே நிரூபிக்க வேண்டும். குருக்கள் காலமாகியிருப்பார், போட்டோ மங்கியிருக்கும், கொழுந்தன் எதிர்த்து நிற்பான். இறப்பை 14 நாளுக்குள் மாஸ்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கருமாதி முடியாத வீட்டில் இதையெல்லாம் யார் தேடுவது?

உயிலும் எழுதுங்கள். சாட்சி இரண்டு பேர் வேண்டும், 14 வயது நிரம்பியவர்களாக இருந்தால் போதும், ஆனால் உயிலில் பங்கு பெறுகிறவரைச் சாட்சிக் கையெழுத்துப் போட வைக்காதீர்கள், அவர் பங்குக்கே ஆபத்து.

நாற்பது வருஷம் முன்னால் கோயிலில் மட்டும் தாலி கட்டிய தாத்தா, ஆயாமார் இங்கேயே இருக்கிறீர்கள். பேரன் பேத்தி எடுத்த பிறகு என்ன கல்யாணம் என்று வெட்கப்பட வேண்டாம். அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு, இரண்டு சாட்சிகளோடு, இருவரும் உயிரோடும் சுகத்தோடும் இருக்கும்போதே ஹோம் அஃபேர்ஸுக்குப் போய்ப் பதிவு செய்துவிடுங்கள். பிள்ளைகளே, லீவு போட்டு அவர்களை நீங்கள் கூட்டிப் போங்கள்.