மனு ஒரு பக்கம், பயணம் ஒரு பக்கம்

நேயர்களுக்கு வணக்கம்.

அண்ணா மேம்பாலம் பக்கம் காலையில் பஸ்ஸில் போகிறவர்கள் அமெரிக்கத் துணைத் தூதரக வாசலில் ஃபைலும் கையுமாக நிற்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பாதிப் பேர் அப்பா அம்மாக்கள். எங்கள் பேட்டையில் அப்படிப்பட்டவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது, ரிட்டயர் ஆன பிறகு எனக்குப் பிடித்துப்போன வேலை. அவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுதான். "அங்கேயே நிரந்தரமாக இருக்க எனக்கு க்ரீன் கார்டு கேட்டுப் பிள்ளை மனு போட்டிருக்கிறான், தம்பி போட்டிருக்கிறான். அது முடிவதற்குள் சும்மா போய்ப் பார்த்துவிட்டு வரலாமா?"

சுற்றுலா விசா கேட்கலாம். சட்டம் தடுக்கவில்லை. ஆனால் 1952-ஆம் வருஷத்து அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் 214(பி) என்று ஒரு பிரிவு இருக்கிறது. சுற்றுலா விசா கேட்டு வருகிறவர் அங்கேயே தங்கிவிடத்தான் வருகிறார் என்று அதிகாரி முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை, திரும்பிவிடுவேன் என்று காட்டுவது நம் பொறுப்பு. எல்லாருக்கும் உள்ள சந்தேகம்தான் இது. மனு நிலுவையில் இருந்தால் அது இன்னும் கொஞ்சம் கனமாகிறது, அவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மா, மேற்கு மாம்பலம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. தம்பி அமெரிக்கக் குடிமகன். அக்காவுக்காக எப்போதோ மனு போட்டுவிட்டார். இப்போது தம்பி மகளுக்குக் கல்யாணம், அத்தை இல்லாமல் எப்படி? சுற்றுலா விசாவுக்கு நிரப்பும் டிஎஸ்-160 படிவத்தில் ஒரு கேள்வி வரும்: உங்களுக்காக யாராவது குடியேற்ற மனு கொடுத்திருக்கிறார்களா? ஒரு ஏஜென்ட் பையன், "இல்லைன்னு போடுங்க மேடம், ஆமான்னு போட்டா ரிஜெக்ட்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

எனக்குக் கோபம் வருகிற இடம் இது. "அம்மா, தம்பி கொடுத்த மனு எங்கே இருக்கிறது? அவர்கள் கம்ப்யூட்டரில்தானே? அவர்களிடம் இருக்கிறதை அவர்களிடமே இல்லை என்பீர்களா?" என்றேன். சிரித்துவிட்டார்கள். வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளின் பொய்யைக் கண்டுபிடித்தவர்கள் ஆயிற்றே.

ஆமாம் என்றே போட்டோம். நேர்காணலுக்கு வீட்டுப் பத்திரம், வில்லங்கச் சான்று, பென்ஷன் புத்தகம், எஃப்.டி. ரசீது என்று ஒரு மூட்டையே தூக்கிக்கொண்டு போனார்கள். (நடுவில் பழவந்தாங்கல் விசா பிள்ளையாருக்கு ஒரு தேங்காய். அதை நான் தடுப்பதில்லை.) அதிகாரி ஒரு காகிதத்தைக்கூடக் கேட்கவில்லை. தமிழிலேயே பேச்சு. எதற்குப் போகிறீர்கள், தம்பி மனு போட்டிருக்கிறாரா, இங்கே யார் இருக்கிறார்கள்? அம்மா சொன்னார்கள்: "போட்டிருக்கான் சார். அந்த முறை வர இன்னும் பல வருஷம் ஆகும். இது கல்யாணத்துக்கு. வீட்டுக்காரர் இங்கேதான் இருக்கார், நான் திரும்பி வந்தாகணும்." விசா கிடைத்தது.

எல்லாருக்கும் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மறுத்தாலும் என்ன போயிற்று? கட்டின 185 டாலர் போயிற்று. அப்பீல் கிடையாது, நிலைமை மாறினால் திரும்ப விண்ணப்பிக்கலாம். மறுத்ததால் தம்பி போட்ட மனு செத்துப் போகாது, அது தன் வரிசையில் நிற்கும். பொய் அப்படியல்ல. விசாவுக்காக முக்கியமான விஷயத்தை மறைத்தது தெரிந்தால், அமெரிக்காவுக்குள் நுழையவே ஆயுள் தடை வரலாம். நாளைக்கு க்ரீன் கார்டு முறை வரும்போதும் அந்தப் பொய் குறுக்கே நிற்கும். ஆகவே திரும்பவும் சொல்கிறேன்: ஆமாம் என்றால் ஆமாம் என்று போடுங்கள்.

அந்த அம்மா சொன்ன "பல வருஷம்" வெறும் பேச்சில்லை. உடன்பிறந்தவர்களுக்கான பிரிவில் உலகம் முழுமைக்கும் வருஷத்துக்கு 65,000 விசா. அது போக, வரம்புள்ள குடும்ப, வேலைப் பிரிவுகள் எல்லாம் சேர்த்து ஒரு நாட்டுக்கு ஏழு சதவீதம் என்று உச்சவரம்பு. யாருடைய முறை வந்திருக்கிறது என்று அமெரிக்க அரசு மாதாமாதம் வெளியிடும் விசா புல்லட்டினில், 2025-ஆம் வருஷம் இந்தியர்களுக்கு 2006-இல் போட்ட மனுக்கள்தான் ஓடிக்கொண்டிருந்தன. இவ்வளவு தூரத்தில் இருக்கும் மனுவுக்காக இன்றைக்கு ஒருவர் அங்கே போய் உட்கார்ந்துகொள்வார் என்று அதிகாரியும் சுலபத்தில் நினைக்க மாட்டார். குடிமகனான பிள்ளை அப்பா அம்மாவுக்குப் போடும் மனு வேறு. அதற்கு எண்ணிக்கை வரம்பே இல்லை, சீக்கிரம் நகரும். அதனால் அவர்களிடம் கேள்வி கூடுதலாகத்தான் இருக்கும். மனு முடியும் கட்டத்தில் இருந்தால் பேசாமல் பொறுத்திருந்து, குடியேற்ற விசாவிலேயே போவது நல்லது என்பது என் அபிப்பிராயம். பேரப்பிள்ளை பிறக்கப் போகிறது என்றால் பொறுக்க முடியாது, அதுவும் தெரியும்.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, நேரமாகிவிட்டது என்று கையைக் காட்டுகிறார்கள். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு என்ன என்பதை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சரி, சுருக்கமாக. பத்து வருஷ விசா என்றால் பத்து வருஷம் தங்கலாம் என்று அர்த்தமில்லை. எத்தனை நாள் என்று விமான நிலையத்து அதிகாரிதான் முடிவு செய்வார், பெரும்பாலும் ஆறு மாதம். அந்தத் தேதி ஐ-94 என்ற பதிவில் இருக்கும். இறங்கினதும் பிள்ளையை விட்டு இணையத்தில் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதைத் தாண்டி 180 நாளுக்கு மேல் இருந்துவிட்டுக் கிளம்பினால் மூன்று வருஷத் தடை, ஒரு வருஷமோ அதற்கு மேலோ என்றால் பத்து வருஷம். கூடுதலாகத் தங்க வேண்டியிருந்தால் தேதி முடிவதற்கு முன்பே ஐ-539 படிவம் கொடுக்க வேண்டும். முடிந்த பிறகு அல்ல, முன்பே. வணக்கம்.