வெகு கோபமாயிருந்தான், அப்புறம்?

நடுவர் அவர்களே, சபையாரே, வணக்கம். வெளியே அசன விருந்துக்கு அரிசி போட்டாச்சாம், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

வேதபுஸ்தகம் மனுஷ குணத்தைக் காட்டவே என்பது எங்கள் அணி. ஆறுதலுக்கே என்று எதிரணி ஐயா, ‘தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’ என்கிற எரேமியா 29:11-ஐச் சொல்லிக் கைதட்டு வாங்கினார். புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையில் அடிக்கடி வருகிற வசனம்தான். ஒரு வசனம் மேலே ஏறிப் பாருங்கள் ஐயா, ஊர் திரும்ப 70 வருஷம் ஆகும் என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைபோனவர்களுக்கு எரேமியா எழுதிய நிருபம் அது. அங்கே அதைக் கேட்ட பெரியவர்களில் எத்தனை பேர் ஊர் திரும்பியிருப்பார்கள்? அதனால்தான் 5-ஆம் வசனம், அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறது. அட்டையில் அது வராது.

மனுஷ குணமும் அதன் பின்விளைவும் தெரியவேண்டுமா? 2 சாமுவேல் 11 முதல் 14 வரை ஒரே இருப்பில் வாசியுங்கள். மொத்தம் 130 வசனம், அரை மணி நேரம் போதும். அதிகார எண்ணில் நிறுத்தினால் காரணம் ஒரு நாளிலும் விளைவு மறுநாளிலும் போய்விடும். கையில் பென்சில் இருக்கட்டும். வருஷக் கணக்கு வரும் இடத்திலெல்லாம் கோடு போடுங்கள்.

தாவீது ராஜாவின் மகன் அம்னோன், வேறு தாய்க்குப் பிறந்த தன் சகோதரி தாமாரைக் கெடுத்தான். தாவீதுக்குச் செய்தி வந்தது. 13:21 சொல்கிறது, ‘வெகு கோபமாயிருந்தான்.’ அப்புறம்? அப்புறம் ஒன்றுமே இல்லை! மகனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டதாக வசனம் கிடையாது. ஏன்? 11-ஆம் அதிகாரத்தில் பத்சேபாளுக்காக அவள் புருஷன் உரியாவைக் கொல்லச் சீட்டு எழுதிய கை அது. எந்த முகத்தோடு பிள்ளையைக் கேட்பான்? இது என் கணிப்பு.

இப்போது பென்சில் கோடுகளைக் கூட்டுங்கள். தாமாரின் கூடப்பிறந்த சகோதரன் அப்சலோம், அம்னோனோடு நல்லதும் பேசாமல் கெட்டதும் பேசாமல் 2 வருஷம். பிறகு ஆட்டுமயிர் கத்தரிக்கிற விருந்தில் அம்னோனை வெட்டவைத்துவிட்டு, கேசூர் தேசத்துக்கு ஓடிப்போய் 3 வருஷம். எருசலேமுக்குத் திரும்பியும் அப்பா முகத்தைக் காணாமல் 2 வருஷம். ஆக 7. பாகப்பிரிவினைத் தகராறில் முகம் பார்க்காமல் குழித்துறை கோர்ட்டுக்கு நடக்கிற அண்ணன் தம்பிமாருக்கு இந்தக் கணக்கை விளக்கவே வேண்டாம்.

ஆறுதல் கேட்ட ஐயாவுக்கு 13:20. அழுதுகொண்டு வந்த தாமாரிடம் அப்சலோம் சொன்னான், ‘நீ மவுனமாயிரு, அவன் உன் சகோதரன்.’ ஆறுதல்தான்! அவளோ அப்சலோம் வீட்டில் தனித்துக் கிலேசப்பட்டிருந்தாள் என்று முடிகிறது அந்த வசனம்.

நடுவர் அவர்களே, தீர்ப்புக்கு முன் அந்த ஒரு வசனத்தை மைக்கில் வாசித்துவிடுங்கள். வணக்கம்.