ஹூஸ்டன்லேர்ந்து நியூ ஆர்லியன்ஸ்: குடிக்காத தம்பதிக்கு மூணு ராத்திரி

வணக்கம். இன்னிக்கு எடுத்துக்கற கேள்வி இது: "நானும் மனைவியும் ஹூஸ்டன்ல இருக்கோம். ஜூலை 4 லீவுக்கு நியூ ஆர்லியன்ஸ் போகலாம்னு பார்க்கறோம், மூணு ராத்திரி. கார்லதான் போறோம். அவங்க சுத்த சைவம், நான் மீன், இறால் சாப்பிடுவேன். ரெண்டு பேரும் குடிக்க மாட்டோம். அப்படிப்பட்டவங்களுக்கு அந்த ஊர்ல என்ன இருக்கு?"

நிறைய இருக்கு. ஆனா முதல்ல தேதிய மாத்துங்க. ஜூலை 4-ஐ ஒட்டிதான் அங்க எசென்ஸ்னு ஒரு இசைத் திருவிழா நடக்கும், 1995-லேர்ந்து நடக்குது. அந்த வார இறுதில ஹோட்டல் வாடகை எகிறிடும். வெயில் ஹூஸ்டன்காரங்களுக்குப் புதுசில்லதான். ஆனா ஹூஸ்டன்ல நீங்க ஏசி கார்லேர்ந்து ஏசி கடைக்குப் போறீங்க. இங்க நாள் பூரா நடக்கணும். போதாததுக்கு சாயங்காலம் இடியோட மழை வரும். ஊர்ல பாதி கடல் மட்டத்துக்குக் கீழ இருக்கு, மழைத் தண்ணிய பம்ப் வச்சுதான் வெளிய தள்ளணும். கொஞ்ச நேரத்துல கொட்டித் தீர்த்தா தெருவுல தண்ணி நின்னுடும். அக்டோபர் கடைசி, நவம்பர், இல்லன்னா மார்ச், இதுதான் நல்ல சமயம். மார்டி க்ராங்கற ஊர்வலத் திருவிழா ஈஸ்டருக்கு 47 நாள் முன்னாடி வரும், அதனால தேதி வருஷா வருஷம் மாறும். கூட்டம் வேண்டாம்னா அதுக்கு முந்தின ரெண்டு வாரத்த விட்டுடுங்க.

வழி ஐ-10 தான், சுமார் 350 மைல், நிக்காம ஓட்டினா அஞ்சரை மணி நேரம். ரெண்டு இடத்துல கவனம். அட்சாஃபலாயா சதுப்பு நிலத்து மேல போற பாலம் 18 மைல் நீளம். கார்களுக்கு 60தான் வேகம். நடுவுல வண்டி மோதிக்கிட்டா திரும்பிப் போக வழி ரொம்பக் கம்மி, அதனால ஏறறதுக்கு முன்னாடி மேப்ல ட்ராஃபிக் பார்த்துடுங்க. அடுத்தது பேடன் ரூஜ். மிசிசிப்பி பாலத்த விட்டு இறங்கின உடனே ஐ-10 ஒரே லேனா சுருங்குது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் 3-லேர்ந்து 6-க்குள்ள அங்க போய் மாட்டிக்காதீங்க. காலைல 6 மணிக்குக் கிளம்பினா மத்தியானத்துக்குள்ள ஊருக்குள்ள இருப்பீங்க.

ஊருக்குள்ள போனதும் கார ஒரு பார்க்கிங்ல விட்டுட்டு மறந்துடுங்க. ஹோட்டல் வாடகையப் பார்க்கறப்பவே பார்க்கிங் கட்டணத்தையும் ஒரு நாளுக்கு எவ்வளவுன்னு கேட்டுடுங்க, பல பேர் கணக்கு தப்பறது அங்கதான். பை, பெட்டி எதுவும் வெளிய தெரியற மாதிரி வண்டில வைக்காதீங்க, கண்ணாடிய உடைக்கறது அங்க சகஜம். தெருவுல நிறுத்தினா போர்டை முழுசா படிங்க. ஊர்வலப் பாதைல நிறுத்தின வண்டிய இழுத்துட்டுப் போயிடுவாங்க.

அங்க யாரும் வடக்கு தெற்குன்னு வழி சொல்ல மாட்டாங்க. மிசிசிப்பி ஆறு பிறை மாதிரி வளைஞ்சு போறதால திசை குழம்பும். அதனால 'ஆத்துப் பக்கம்', 'ஏரிப் பக்கம்', ஆத்து ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கம் அப்டவுன், ஓட்டத்தோட போனா டவுன்டவுன். இது பிடிபட்டாச்சுன்னா ஊரே சுலபம். தெருப் பேருக்குத்தான் தனியா ஒரு அகராதி வேணும். ஒரு தெருவுக்கு சாப்பட்டூலஸ்னு பேரு. நம்ம காதுக்கு 'சாப்பிட்டியா'ன்னு கேக்கற மாதிரியே இருக்கும்.

ஊரோட பழைய பகுதியான ஃப்ரெஞ்ச் குவார்ட்டர் மொத்தமே கேனால் ஸ்ட்ரீட்லேர்ந்து எஸ்ப்ளனேட் அவென்யூ வரைக்கும் 13 பிளாக், சுமார் ஒரு மைல். பேருதான் ஃப்ரெஞ்ச். 1788, 1794-ல ரெண்டு தடவ தீப்பிடிச்சு எரிஞ்சதுக்கப்புறம் ஸ்பெயின் ஆட்சில திரும்பக் கட்டின ஊர் அது. ராயல் ஸ்ட்ரீட்ல நடைபாதைக்கு மேல கம்பம் நட்டு இரும்பு மாடம் போட்டிருப்பாங்க. வெயிலுக்கும் மழைக்கும் அதுக்கு அடியிலயே நடந்து போயிடலாம்.

மதுக்கடைங்களுக்குப் பேர்போன போர்பன் ஸ்ட்ரீட்டுக்கு இருபது நிமிஷம் போதும். ராத்திரி 8 மணிக்கு ஒரு தடவ நடந்து பார்த்துட்டு வந்துடுங்க. ரூம் மட்டும் அந்தத் தெருவுல போடவே போடாதீங்க, விடியற வரைக்கும் சத்தம். ஒருத்தர் வந்து, "இந்த ஷூவ எங்க வாங்கினீங்கன்னு சொல்லிடறேன், பந்தயமா"ம்பார். 'உங்க கால்ல, போர்பன் தெருவுல' அப்படிங்கற மாதிரி ஒரு வார்த்தை ஜாலம்தான் பதில். பந்தயத்துல தோத்துட்டீங்கன்னு இருபது டாலர் கேப்பார். பதிலே சொல்லாம நடந்துடுங்க.

பாட்டு கேக்கணும்னா ரெண்டு இடம். ஒண்ணு ப்ரிசர்வேஷன் ஹால்ங்கற ஜாஸ் அரங்கம், 1961-லேர்ந்து இருக்கு. உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி, ஏன்னா உள்ள மது விக்கறதே கிடையாது. சின்ன அறை, கொஞ்சம் பெஞ்ச், மிச்ச பேர் நின்னுதான் கேக்கணும். ஒரு கச்சேரி முக்கால் மணி நேரம், ராத்திரிக்கு நிறைய தடவ நடக்கும். டிக்கெட்ட முன்னாடியே ஆன்லைன்ல எடுத்துடுங்க. வாசிக்கறப்ப ஃபோன வெளிய எடுக்கக் கூடாது. ரெண்டாவது ஃப்ரெஞ்ச்மென் ஸ்ட்ரீட், எஸ்ப்ளனேட தாண்டின உடனே. சின்னச் சின்ன கிளப்புங்க, பல இடத்துல நுழைவுக் கட்டணம் இருக்காது, ஆனா ஆளுக்கு ஒரு பானமாவது வாங்கணும். சோடாவும் அந்தக் கணக்குல வரும். பக்கெட் சுத்தி வரப்ப காசு போடுங்க, வாசிக்கறவங்களுக்கு அதுதான் வருமானம். சில்லறை நோட்டும் அசல் அடையாள அட்டையும் கையில இருக்கட்டும், 21 வயசு ஆச்சான்னு வாசல்ல பார்ப்பாங்க. திரும்பறப்ப ராத்திரி 11 தாண்டிட்டா நடக்காதீங்க, வண்டி கூப்பிட்டுக்குங்க.

இப்ப சாப்பாடு. உங்க மனைவிக்கு இந்த ஊர் கொஞ்சம் கஷ்டம், மறைக்கறதுல அர்த்தமில்ல. கும்போன்னு ஒரு குழம்பு. ஆப்பிரிக்க மொழிகள்ல வெண்டைக்காய்க்கு இருக்கற பேர்லேர்ந்து வந்த வார்த்தை அது. வெண்டைக்காய்னு நம்பி வாங்கினா உள்ள கோழியோ இறாலோ சாசேஜோ இருக்கும். காய்கறி கும்போன்னு எழுதியிருந்தாலும் கொதிக்க வச்ச சாறு கோழி எலும்புச் சாறா இருக்கலாம். திங்கட்கிழமை தோறும் சிவப்பு பீன்ஸும் சோறும் போடுவாங்க, பார்க்க ராஜ்மா மாதிரியே இருக்கும், பன்றிக்கறி போட்டுத்தான் வேகவைப்பாங்க. கீரையும் அப்படித்தான். "கறி இல்லாம இருக்கா"ன்னு மட்டும் கேட்டா பத்தாது. பன்றிக்கறி, எலும்புச் சாறு, கொழுப்பு, மூணையும் தனித்தனியா பேர் சொல்லிக் கேளுங்க. மூணு வேளையும் அலையாம இருக்க, இந்திய, மத்தியக் கிழக்கு ஹோட்டல்கள் ரெண்ட முன்னாடியே மேப்ல குறிச்சு வச்சுக்குங்க.

உங்க மனைவி நிம்மதியா சாப்பிடறது பென்யே, எண்ணெயில பொரிச்ச மாவுப் பலகாரம். 1862-லேர்ந்து நடக்கற காஃபே டு மாண்ட்ல ஒரு தட்டுக்கு மூணு. மேல மலை மாதிரி சர்க்கரைப் பொடி. கடிக்கறப்ப மூச்ச உள்ள இழுக்காதீங்க, புரையேறிடும். கறுப்பு சட்டை போட்டுட்டுப் போகாதீங்க. கூட சிக்கரி கலந்த பால் காபி. சிக்கரி ருசி நமக்குப் பழக்கம்தான், நம்ம ஃபில்டர் காபி ஞாபகம் வரும்.

உங்களுக்கு போ பாய். நீள ரொட்டிக்குள்ள பொரிச்ச இறாலோ மீனோ வைப்பாங்க. "ட்ரெஸ்டு"ன்னு சொன்னாதான் லெட்யூஸ், தக்காளி, ஊறவச்ச வெள்ளரிக்காய், மயோனைஸ் வரும். மார்ச்லேர்ந்து மே வரைக்கும் போனா க்ராஃபிஷ், சின்ன சிங்கி இறால் மாதிரி இருக்கும், மசாலாத் தண்ணில வேகவச்சு பவுண்டு கணக்குல தருவாங்க. ஆளுக்கு மூணு பவுண்டுன்னா மலைச்சுப் போயிடாதீங்க, ஓடு போக அரை பவுண்டு சதைகூடத் தேறாது. தலையத் திருகி எடுங்க, வாலோட முதல் ரெண்டு வளையத்த உரிங்க, அடிய அழுத்தினா சதை வெளிய வந்துடும். கையக் கழுவாம கண்ணத் தொடாதீங்க. கூட வர்ற சோளமும் உருளைக்கிழங்கும் அதே பானைல வெந்ததுதான், உங்க மனைவி தட்டுல போட்டுடாதீங்க.

பகல்ல செயின்ட் சார்ல்ஸ் ட்ராம். 1835-ல ஆரம்பிச்ச தடம், இப்ப ஓடற பச்சை வண்டிங்க 1920-கள்ல செஞ்சது. ஏசி கிடையாது, ஜன்னலத் திறந்துக்கணும். டிக்கெட் 1.25 டாலர், நாள் பாஸ் 3 டாலர். ரொக்கமா குடுத்தா மீதி தர மாட்டாங்க. காலைல 9-க்கு முன்னாடி ஏறினா உட்கார இடம் கிடைக்கும். வாஷிங்டன் அவென்யூவுல இறங்கி கார்டன் டிஸ்ட்ரிக்ட் வீடுங்களப் பாருங்க, ஆனா கீழயும் ஒரு கண் இருக்கட்டும், ஓக் மர வேர் நடைபாதையையே தூக்கி விட்டிருக்கும்.

1789-ல ஆரம்பிச்ச செயின்ட் லூயிஸ் ஒண்ணாம் நம்பர் கல்லறைத் தோட்டத்துக்கு உரிமம் உள்ள வழிகாட்டியோட மட்டும்தான் போக முடியும். இரண்டாம் உலகப் போர் மியூசியம்னா ஒரு முழு நாள் ஒதுக்குங்க, அரை நாள்ல முடியாது.

ஆத்துல போகணும்னா கேனால் ஸ்ட்ரீட் முனைல, எதிர்க்கரை அல்ஜியர்ஸ் பகுதிக்குப் போற படகு, ஆளுக்கு 2 டாலர், அஞ்சு பத்து நிமிஷம். ஊர் தெரியறதுக்கு அதுவே போதும். நாட்செஸ் நீராவிக் கப்பல் ரெண்டு மணி நேரம், விலை பல மடங்கு. அதுல இஞ்சின் அறைக்குள்ள போய்ப் பார்க்கலாம். 1925-ல செஞ்ச நீராவி இஞ்சின் இன்னும் ஓடுது. இயந்திரம் பிடிக்கும்னா அதுக்கு டிக்கெட் எடுங்க. இல்லன்னா படகுலயே சூரியன் மறையற நேரத்துக்குப் போயிட்டு வாங்க. கடைசிப் படகு எத்தன மணிக்குன்னு ஏறறப்பவே கேட்டுடுங்க, விட்டுட்டா பாலம் சுத்தி வாடகை வண்டிலதான் திரும்பணும்.