வெயிலில் நிற்கும் விமானங்களுக்கு ஒரு கூரை

(சூலூர் வட்டாரத்தில் முன்னாள் படைவீரர்கள் குடும்ப விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் சுபேதார் மேஜர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்து மத்தியானச் சாப்பாட்டுக்கும் ஏற்பாடு செய்திருக்கும் மில் முதலாளி அவர்களே, வரவேற்புரையில் என்னைப் பற்றி என் தகுதிக்கு மேல் சொன்ன தலைமையாசிரியை அவர்களே, எல்லோருக்கும் வணக்கம். மேடையில் நாற்காலி போதாமல் கீழே முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார் நம்ம 1971 போரைப் பார்த்த பெரியவர். அவருக்குத் தனி வணக்கம். ஐயா, நீங்க மேலே உட்கார்ந்திருக்க வேண்டியவர். ஊராட்சித் தலைவர் அம்மாவுக்கு இன்னொரு நன்றியும் உண்டு. போன மாதம் நாங்கள் கேட்ட அன்றைக்கே தண்ணீர் லாரி அனுப்பி வைத்தார். அது எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

மூன்று செய்திகள் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். ஒன்று, ஓய்வு பெற்ற போர் விமானங்களை எப்படிப் பேணுவது. இரண்டு, நம்ம சூலூருக்கு ஒரு காலத்தில் கடற்படை வந்து தங்கிய கதை. மூன்று, ஐடிஐ, பாலிடெக்னிக் பிள்ளைகளை இதில் எப்படிச் சேர்ப்பது.

எங்க அம்மாயி கடலைக்காட்டில் களை எடுத்துவிட்டு வேப்பமரத்தடிக்கு வந்து உட்காரும்போதெல்லாம் ஒன்று சொல்வார்: நிழலின் அருமை வெயிலில் தெரியும். நான் வான்படையில் ஏர்பிரேம் பிட்டராக இருந்தவன். இருபது வருசம் விமானத்தின் உடம்பைத் தொட்டு வேலை செய்தவன். அந்தச் சொல்லை விமானத்துக்கும் சேர்த்துத்தான் சொன்னார் என்று இப்போது நினைக்கிறேன்.

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் நம்ம வான்படையின் மிக்-21 போர் விமானங்களுக்கு விடை கொடுத்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள். 1963-ல் வந்த விமானம், 62 வருசம் உழைத்துவிட்டுப் போனது. நான் பார்த்துக்கொண்டே அழுதேன். வீட்டில் அம்மிணி காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேசாமல் போய்விட்டாள். அன்று ராத்திரி எனக்கு வந்த கவலை ஒன்றுதான். இனி இதில் கொஞ்சம் விமானங்கள் ஊர் ஊராகப் போகும். பள்ளிக்கூட வாசல், ரவுண்டானா, பூங்கா என்று சிமென்ட் மேடையில் ஏற்றி வைப்பார்கள். திறப்பு விழா நடக்கும், எல்லோரும் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அப்புறம்?

அந்த "அப்புறம்" என்பதற்காகத்தான் ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எந்த ஊர், எந்த நிறுவனம் என்று சொல்ல மாட்டேன், அங்கே உள்ளவர்கள் நல்லவர்கள். வாசலில் ஒரு பழைய ஜெட் பல வருசமாக வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. நாங்கள் ஏழு பேர் போனோம். நான், லேத் பட்டறை வைத்திருக்கும் மாமா, மில்லில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற 78 வயதுப் பெரியவர், தார்ப்பாய்க் கடை அண்ணன், ஐடிஐ பிள்ளைகள் இரண்டு பேர், அவர்களை வேனில் ஏற்றி வந்த தம்பி. கழுவுவதற்குத்தான் அந்தத் தண்ணீர் லாரி.

கிட்டப் போய்ப் பார்த்தால், மூக்கில் சந்தனம் குங்குமம். ஆயுத பூஜைக்கு வைத்தது. சக்கரத்துக்கு அடியில் நசுங்காத எலுமிச்சம்பழம் காய்ந்து கிடந்தது. மனசுக்கு நிறைவாக இருந்தது, மரியாதை கொடுத்திருக்கிறார்கள். ஆனால் டயரைப் பார்த்தால் வெடித்த குளத்து மண் மாதிரி. இத்தனை டன் எடையை வருசக்கணக்கில் ஒரே இடத்தில் தாங்கினால் வேறென்ன ஆகும்? காக்பிட் மேல் மூடுகிற கண்ணாடிக் கூடு வெயிலில் மங்கி, மெல்லிய கீறலாக ஓடியிருந்தது. வால்பக்கக் குழாயில் மைனா கூடு.

மில் பெரியவர் வயிற்றுப் பக்கம் கையை வைத்து ஒவ்வொரு ரிவெட்டாகத் தடவிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நின்று விரலைக் காட்டினார். வெள்ளையாக மாவு மாதிரி ஒட்டியிருந்தது. "அலுமினியம் பூத்துப்போச்சுங்க" என்றார். அவர் விமானத்தைத் தொட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. ஆனாலும் உலோகத்தின் நோய் அவருக்குத் தெரிந்தது. இந்த ஊர்க் கை அப்படி.

எனக்குச் சந்தேகம் வந்தது. விமானத்தின் அடிவயிற்றில் தண்ணீர் வடியச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். தேடிப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் மண்குளவி பூசி அடைத்திருந்தது! வேன் தம்பி சைக்கிள் போக்ஸ் கம்பி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். குத்தினேன். முதலில் மண் உதிர்ந்தது. அடுத்த குத்துக்குப் பீறிட்டு வந்தது பாருங்கள், பழுப்புத் தண்ணீர்! என் சட்டை, மாமா வேட்டி எல்லாம் நனைந்தது. நிற்கும் நிற்கும் என்று பார்க்கிறோம், நிற்கவில்லை. பக்கெட் வைத்தோம், நிறைந்தது. இன்னொன்று வைத்தோம், அதுவும் நிறைந்தது. சத்தம் கேட்டு வாட்ச்மேன் வீட்டம்மா குடத்தோடு ஓடி வந்து நின்றார். "ஏனுங்க, ஏரோப்ளேனுக்குள்ள கிணறு வெட்டி வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் மைனாவெல்லாம் பறந்துவிட்டது.

சிரித்து முடித்த பிறகு மில் பெரியவர் மட்டும் சிரிக்காமல் நின்றார். "இத்தனை மழையும் உள்ளே நின்னு இரும்பையும் அலுமினியத்தையும் தின்னுருக்குதே. மேலே நாலு தகரம் போட்டிருந்தா வந்திருக்குமா?" என்றார். நிழலின் அருமை வெயிலில் தெரியும். நான் சொல்ல வந்தது முழுவதும் அந்த நாலு தகரத்தில் இருக்கிறது.

வெளிநாட்டில் இதைச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் பின்புரூக் என்று ஒரு விமானதளம். இரண்டாம் உலகப் போரில் ஆஸ்திரேலியாவின் 460-வது ஸ்குவாட்ரன், அதாவது விமானப் படைப்பிரிவு, லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்களோடு அங்கேயிருந்து பறந்தது. பின்னாளில் லைட்னிங் போர் விமானங்களின் கடைசித் தளமும் அதுதான். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு இன்ஜின் வைத்த விமானம் அது. 1988-ல் லைட்னிங் ஓய்வு பெற்றது, தளமும் மூடியது. படைவீரர் குடியிருப்பு இப்போது புரூக்கன்பி என்று தனி ஊராகிவிட்டது. ஆனாலும் பின்புரூக் கிராமத்தில் 460-வது ஸ்குவாட்ரனுக்கு நினைவுச் சின்னம் நிற்கிறது.

அந்த 1988-லேயே சில ஆர்வலர்கள் சேர்ந்து கைக்காசு போட்டு ஒரு லைட்னிங்கை வாங்கினார்கள். புருன்டிங்தார்ப் என்ற பழைய ஓடுதளத்தில் வைத்து, இன்ஜினை உயிர்ப்பித்து, ஓடுபாதையில் ஓட்டியே காட்டினார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று. வாட்டிஷம் என்ற தளத்தில் ஒரு ஷெட் இருந்தது. மணி அடித்தால் சில நிமிடத்தில் கிளம்ப இரவும் பகலும் விமானங்கள் தயாராக நிற்கிற ஷெட். அதையே பிரித்து எடுத்துக்கொண்டு வந்து தங்கள் விமானங்களுக்கு மேல் மறுபடியும் எழுப்பினார்கள். கூரைக்காக ஒரு கட்டடத்தையே பெயர்த்து வந்தவர்கள்!

நம்ம பக்கம் பழைய விக்ராந்த், விமானங்களைச் சுமந்து போன போர்க்கப்பல், என்ன ஆனது? 1971 டிசம்பர் 4 அன்று அதிலிருந்து கிளம்பிய சீ ஹாக் விமானங்கள்தான் இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் காக்ஸ் பஜாரைத் தாக்கின. 1997-ல் ஓய்வு, கொஞ்ச காலம் மும்பையில் அருங்காட்சியகம், 2014-ல் உடைப்புக்குப் போய்விட்டது. அதன் இரும்பில் மோட்டார் சைக்கிள் வந்தது. நான் அதைக் குறை சொல்லவில்லை, ஆனால் மனசு ஆறவில்லை.

சரி, சூலூருக்கு வருகிறேன். இன்றைக்குச் சூலூர் விமானதளம் என்றால் நம்ம நாட்டிலேயே செய்த தேஜஸ் போர் விமானம். 2020 மே 27 அன்று 18-வது ஸ்குவாட்ரனை இங்கேதான் தேஜஸோடு மறுபடியும் தொடங்கினார்கள். 1971-ல் ஸ்ரீநகரில் நேட் விமானத்தில் ஒற்றையாளாகப் போராடி உயிர் கொடுத்த நிர்மல்ஜித் சிங் சேகோன் அதே ஸ்குவாட்ரன்காரர். போர் வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்ராவை வான்படையில் பெற்ற ஒரே மனிதர். இது பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனால் 1961-ல் கடற்படையின் ஐஎன்எஸ் ஹன்சா விமானதளம் கோவாவில் அல்ல, நம்ம சூலூரில்தான் தொடங்கியது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1964-ல்தான் கோவாவின் டாபோலிமுக்குப் போனது. அதற்கும் முன்னால், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், கோவையில் பிரிட்டிஷ் கடற்படையின் விமானப் பழுதுபார்ப்புத் தளம் ஒன்றே இருந்தது. கருடா என்று பெயர்.

மில் பெரியவர் அன்றைக்கு ஈரச் சட்டையோடு உட்கார்ந்து சொன்னதை அப்படியே சொல்கிறேன். அவர் பதினைந்து வயதில் வேலி ஓரமாக எருமை மேய்த்தவர். ஜெட் கிளம்பும் சத்தத்துக்கு எருமை மிரண்டு ஓடும், அவர் ஓடமாட்டார், அண்ணாந்து பார்ப்பார். சூலூர்ச் சந்தையில் வெள்ளை உடுப்புப் போட்ட கப்பற்படைக்காரர்கள் வெங்காயம் வாங்குவார்களாம். "கடலே இல்லாத ஊருக்குக் கப்பல்காரன் எதுக்குங்க வந்தான்னு எங்க அப்புச்சிகிட்ட கேட்டேன். அடிச்சார்" என்றார். இந்த நினைவு அவரோடு போய்விடக்கூடாது. அவர் மாதிரி இன்னும் சிலர் கலங்கலிலும் காங்கேயம்பாளையத்திலும் இருப்பார்கள்.

கலங்கல் என்றதும் ஜி.டி. நாயுடு ஞாபகம் வருகிறார். அந்த ஊரில் பிறந்தவர். எந்தப் பொருளையும் பிரித்துப் பார்த்து மறுபடி பூட்டிய கை அவருடையது. அந்த மண்ணில் நின்றுகொண்டு ஒரு விமானத்துக்குக் கூரை போட நம்மால் முடியாது என்று யாரும் சொல்லக் கூடாது. மோட்டாரும் பம்பும் கிரைண்டரும் செய்து நாடெல்லாம் அனுப்புகிற ஊர் இது. லேத் இருக்கிறது, வெல்டிங் இருக்கிறது, ஓய்வு பெற்ற கைகள் சும்மா இருக்கின்றன. மேலிடத்துக்கு நாங்கள் எழுதியிருக்கும் மனுவில் ஒரே கோரிக்கைதான். கோவை வட்டாரத்துக்கு ஒரு மிக்-21 வருமானால் சிமென்ட் மேடையில் ஏற்ற வேண்டாம். தரையில், ஷெட்டுக்குள், சக்கரத்தின் பாரத்தை ஜாக்கி தாங்க, பிள்ளைகள் கிட்டப் போய்த் தொடும்படி வையுங்கள். கூரைச் செலவை நாங்கள் ஏற்கிறோம். நிழலின் அருமை வெயிலில் தெரியும், அதை நாங்கள் பார்த்துவிட்டு வந்திருக்கிறோம்.

தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். மூன்றாவது செய்தி, பிள்ளைகள் விஷயம், இன்னொரு மேடைக்கு இருக்கட்டும். இன்றைக்கு வேண்டியது இரண்டே. வீட்டில் 1961 முதல் 1964 வரைக்குமான சூலூர்ப் போட்டோ, கடிதம், அடையாள அட்டை ஏதாவது பெட்டியில் கிடந்தால் எடுத்து வாருங்கள், நகல் எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருகிறோம். அப்புறம், அந்த ஜெட்டுக்கு நாங்களே தகரம் போட அனுமதி வாங்கிவிட்டோம். தார்ப்பாய்க் கடை அண்ணன் பழைய இரும்புக் குழாய் எட்டுத் தருகிறார். மில் முதலாளி இப்போதுதான் காதில் சொன்னார், தகரம் அவர் பொறுப்பாம். ஐயா, நன்றி. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு இந்த மண்டப வாசலில் வேன் நிற்கும். வெயிலுக்கு முன்னால் போய் ஏணி போட்டுவிட வேண்டும். பழைய துணி கொண்டு வாருங்கள். வணக்கம்.